மலைச்சரிவுக்கு எண் கொடுத்த ஊர்

நிலச்சரிவு என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது "இயற்கையின் சீற்றம்" என்ற சொல்தான். அடைமழை பெய்கிறது. மலை சரிகிறது. மக்கள் மண்ணுக்குள் புதைகிறார்கள். தலைவர்கள் வந்து பார்க்கிறார்கள், நிவாரணம் அறிவிக்கிறார்கள், விசாரணைக் குழு அமைக்கிறார்கள். சில மாதங்களில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அடுத்த மழைக்காலத்தில் வேறொரு மலையில் அதே கதை தொடங்குகிறது.

உலகின் பல மலைப்பகுதிகளில் இன்றும் இதுதான் நிலைமை. ஹாங்காங்கிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. ஆனால் 1977ஆம் ஆண்டுக்குப் பிறகு அந்த ஊர் இந்தக் கதையை மாற்றி எழுதத் தொடங்கியது. அங்கே மலைகள் குறையவில்லை, மழையும் குறையவில்லை, மக்கள்தொகை கூடியது. ஆனால் நிலச்சரிவில் இறப்பவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. அது எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொள்வது, மலையோரத்தில் மனிதர்கள் வாழும் எந்த ஊருக்கும் பயன்படும்.

மண் ஏன் சரிகிறது?

முதலில் நிலச்சரிவு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். சரிவான நிலத்தில் உள்ள மண்ணையும் பாறையையும் புவியீர்ப்பு விசை எப்போதும் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. மண் துகள்களுக்கு இடையே உள்ள உராய்வும் பிடிப்பும் அதைத் தடுத்து நிறுத்துகின்றன. இந்த இரண்டுக்கும் இடையே நடக்கும் இழுபறியில் தடுக்கும் சக்தி வெல்லும்வரை மலை நிற்கும். தோற்றால் சரியும்.

இந்த இழுபறியில் தண்ணீரின் பங்கு மிகப் பெரியது. கடற்கரையில் மணல் வீடு கட்டி விளையாடிய எவருக்கும் இது தெரியும். காய்ந்த மணல் நிற்காது, உதிர்ந்துவிடும். கொஞ்சம் ஈரமான மணல் கெட்டியாகப் பிடித்து நிற்கும். ஆனால் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினால் அந்த வீடு கரைந்து வழிந்துவிடும். மலைச்சரிவிலும் இதேதான் நடக்கிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, துகள்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளை நிரப்பி, அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தள்ளுகிறது. உராய்வு குறைகிறது. அதே நேரத்தில் நனைந்த மண்ணின் எடையும் கூடுகிறது.

மழை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. 1970ஆம் ஆண்டு மே 31 அன்று பெரு நாட்டில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் ஹுவாஸ்கரான் மலையின் ஒரு பகுதி பெயர்ந்து யுங்காய் என்ற ஊரையே மூடியது. 1963 அக்டோபர் 9 அன்று இத்தாலியின் வயோன்ட் அணையின் நீர்த்தேக்கத்துக்குள் மலைப்பக்கம் ஒன்று சரிந்து விழுந்தது. அதனால் எழுந்த பேரலை அணையைத் தாண்டிச் சென்று சுமார் 2,000 பேரைக் கொன்றது. 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸ் நாட்டின் ஆபர்ஃபான் கிராமத்தில், நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவுக் குவியல் சரிந்து பள்ளிக்கூடத்தின் மீது விழுந்தது. அதில் இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள்.

இவற்றில் யுங்காய் தவிர மற்ற இரண்டிலும் மனிதனின் கை இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றில் மலையடியில் தண்ணீரைத் தேக்கினார்கள். இன்னொன்றில் ஊற்று நீர் ஓடும் இடத்தில் கழிவைக் கொட்டினார்கள். மலையின் அடிவாரத்தை வெட்டுவது, தளர்வான மண்ணைக் கொட்டி நிரவுவது, வடிகாலை அடைப்பது, ஆழமாக வேர் விடும் மரங்களை அழிப்பது ஆகிய எல்லாமே மேலே சொன்ன இழுபறியில் மலையை வலுவிழக்கச் செய்பவை. ஹாங்காங்கின் கதையும் இதுவே.

இடமில்லாத ஊர்

ஹாங்காங்கின் மொத்தப் பரப்பு சுமார் 1,100 சதுர கிலோமீட்டர். அதில் பாதிக்கும் மேல் மலைப்பாங்கானது. ஆண்டுக்குச் சராசரியாக 2,400 மி.மீ. மழை பெய்கிறது. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ. என்பதோடு ஒப்பிட்டால் இதன் அளவு புரியும். அந்த மழையிலும் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது.

அங்குள்ள மலைகள் பெரும்பாலும் கருங்கல்லாலும் எரிமலைப் பாறைகளாலும் ஆனவை. ஆனால் வெப்பமும் ஈரமும் நிறைந்த தட்பவெப்பத்தில் இந்தப் பாறைகள் பல மீட்டர் ஆழத்துக்கு மக்கி மண்ணாக மாறியிருக்கின்றன. பார்ப்பதற்குக் கெட்டியாகத் தெரியும். மழையில் ஊறினால் வலுவிழந்துவிடும்.

1841இல் பிரிட்டிஷார் அங்கே வந்து இறங்கிய நாள் முதல் இடப் பற்றாக்குறைதான் அந்த ஊரின் பெரும் பிரச்சினை. கடலோரத்தில் இருந்த ஒரு கீற்று சமநிலம் போதவில்லை. எனவே மலையை வெட்டினார்கள். வெட்டிய மண்ணைக் கடலில் கொட்டி நிலம் சேர்த்தார்கள், பள்ளங்களில் கொட்டி மேடாக்கினார்கள். வெட்டிய இடத்தில் தடுப்புச் சுவர் எழுப்பி அதன் கீழே வீடு கட்டினார்கள். 1925 ஜூலை 17 அன்று போ ஹிங் ஃபாங் என்ற இடத்தில் அப்படிப்பட்ட ஒரு தடுப்புச் சுவர் மழையில் இடிந்து வீடுகளின் மேல் விழுந்தது. 75 பேர் இறந்தார்கள். ஊர் துக்கம் அனுசரித்தது. பிறகு மலையை வெட்டும் வேலை தொடர்ந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஹாங்காங்கில் சுமார் 6 லட்சம் பேர்தான் இருந்தார்கள். சீனாவில் நடந்த உள்நாட்டுப் போருக்கும் 1949 ஆட்சி மாற்றத்துக்கும் பிறகு அகதிகள் அலை அலையாக வந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் மக்கள்தொகை 20 லட்சத்தைத் தாண்டியது. வந்தவர்களுக்கு வீடில்லை. மலைச்சரிவுகளில் தகரமும் மரப்பலகையும் வைத்துக் குடிசை போட்டுக்கொண்டார்கள்.

1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதியில் தீப்பிடித்து 50,000க்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். அதன் பின் அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளை வேகவேகமாகக் கட்டத் தொடங்கியது. அந்த வேகத்துக்குச் சமநிலம் வேண்டும். மலையின் ஒரு பக்கத்தை வெட்டி, வெட்டிய மண்ணை லாரியில் கொண்டுபோய் மறுபக்கம் பள்ளத்தின் விளிம்பிலிருந்து கொட்டினார்கள். அடுக்கடுக்காகப் போட்டு ரோலரால் இறுக்க வேண்டிய மண்ணை அப்படியே கொட்டிவிட்டுப் போனார்கள். இறுக்கினால் நேரமும் பணமும் ஆகும் அல்லவா? அந்த மிச்சத்துக்கான விலையைப் பின்னால் வேறு யாரோ கொடுத்தார்கள்.

1972 ஜூன் 18

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன் இரண்டு நாட்களாகவே மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. ஜூன் 16 முதல் 18 வரை மூன்றே நாட்களில் சுமார் 650 மி.மீ. மழை. அதாவது சென்னை ஓராண்டில் பெறும் மழையில் கிட்டத்தட்டப் பாதி!

பிற்பகல் ஒரு மணியளவில் கவுலூன் பகுதியில் உள்ள சாவ் மாவ் பிங்கில், சாலைக்காக மண் கொட்டி எழுப்பப்பட்டிருந்த சுமார் 40 மீட்டர் உயரக் கரை சரிந்தது. சரிந்த மண் கட்டியாக விழவில்லை, கூழாகப் பாய்ந்தது. கீழே இருந்த குடிசைகள் மூடப்பட்டன. 71 பேர் இறந்தார்கள். வேலைக்குப் போகாமல் பலரும் வீட்டில் இருந்த விடுமுறை நாள் அது.

அன்றிரவு ஒன்பது மணியளவில் கடலுக்கு அந்தப் பக்கம், ஹாங்காங் தீவில், வசதி படைத்தவர்கள் வாழும் மிட் லெவல்ஸ் பகுதியில் போ ஷான் சாலையை ஒட்டிய மலைச்சரிவு பெயர்ந்து இறங்கியது. கட்டுமானத்துக்காக மலை வெட்டப்பட்டிருந்த இடம் அது. இறங்கி வந்த மண் 12 மாடிக் கட்டடம் ஒன்றை அடியோடு பெயர்த்துத் தள்ளியது. 67 பேர் இறந்தார்கள்.

ஒரே நாளில், ஒரே ஊரில், இரண்டு சரிவுகளில் 138 உயிர்கள். முதல் இடத்தில் இறந்தவர்கள் குடிசைவாசிகள். இரண்டாவது இடத்தில் இறந்தவர்கள் மாடிக் குடியிருப்புவாசிகள். ஏழை, பணக்காரன் என்ற பேதத்தை அன்று மலை பார்க்கவில்லை. விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அறிக்கையும் வந்தது. கட்டட விதிகள் கொஞ்சம் கடுமையாக்கப்பட்டன.

ஆனால் மண்ணைக் கொட்டி எழுப்பிய மற்ற சரிவுகள்? அவை ஊர் முழுக்க அப்படியே நின்றன. எங்கெங்கே எத்தனை இருக்கின்றன என்ற முழுக் கணக்குகூட யாரிடமும் இல்லை.

மீண்டும் அதே இடம்

நான்கு ஆண்டுகள் கழித்து 1976 ஆகஸ்ட் 25 அன்று ஒரு புயல் மழை வந்தது. சரிந்தது எந்த இடம் தெரியுமா? அதே சாவ் மாவ் பிங்! இம்முறை அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்புறம் இருந்த கொட்டிய மண் சரிவு, சேறாக மாறித் தரைத்தள வீடுகளுக்குள் புகுந்தது. 18 பேர் இறந்தார்கள்.

எண்ணிக்கையில் இது 1972ஐ விடச் சிறியது. ஆனால் இந்த இரண்டாவது சம்பவம்தான் ஹாங்காங்கை உலுக்கியது. முதல் தடவை நடந்தபோது "யார் எதிர்பார்த்தார்கள்?" என்று சொல்ல முடிந்தது. இரண்டாம் தடவை, அதே பேட்டையில், அதே வகையான மண் சரிந்து கொன்றபோது அந்தப் பதிலைச் சொல்ல முடியவில்லை. மேலும், இம்முறை இறந்தவர்கள் பாதுகாப்பான வீடு என்று அரசே கொடுத்த வீட்டில் இருந்தவர்கள்.

வெளிநாட்டு நிபுணர்களும் இடம்பெற்ற ஒரு சுயேச்சையான குழு வரவழைக்கப்பட்டது. குழு அந்த மண்ணைத் தோண்டிப் பார்த்தது. மண் இறுக்கப்படாமல் தளர்வாகக் கிடந்தது தெரிந்தது. தளர்வான மண்ணில் நீர் ஊறியதும் அது திடப்பொருள் என்ற நிலையை இழந்து கூழாகிப் பாய்ந்திருக்கிறது. மேல்பகுதி மண்ணைத் தோண்டி எடுத்து, மீண்டும் அடுக்கடுக்காகப் போட்டு இறுக்கி, வடிகால் அமைக்க வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது.

குழு சொன்ன இன்னொரு விஷயம் இதைவிட முக்கியமானது. புதிதாக வெட்டப்படும் சரிவுகளையும் ஏற்கெனவே இருக்கும் சரிவுகளையும் கவனிக்க அரசுக்குள் ஒரு தனி அமைப்பு வேண்டும் என்றது. அதுவரை சாலைக்கு ஒரு துறை, வீட்டுக்கு ஒரு துறை, கட்டட அனுமதிக்கு ஒரு துறை என்று இருந்தது. இரண்டு துறைகளுக்கும் நடுவே நிற்கும் சரிவு யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லை.

1977இல் நிலப்பொறியியல் கட்டுப்பாட்டு அலுவலகம் தொடங்கப்பட்டது. 1991இல் அதன் பெயர் நிலப்பொறியியல் அலுவலகம் என்று மாறியது. நவீன ஹாங்காங்கின் நிலச்சரிவு வரலாற்றில் திருப்புமுனை என்றால் இந்த அலுவலகம்தான்.

கணக்கெடுப்பிலிருந்து தொடக்கம்

எந்தக் கடையிலும் முதலில் செய்ய வேண்டியது சரக்கு இருப்புக் கணக்கு. என்ன இருக்கிறது என்று தெரியாமல் வியாபாரம் செய்ய முடியாது. அந்த அலுவலகமும் அதைத்தான் முதலில் செய்தது. ஊரில் மனிதன் வெட்டிய சரிவுகள், மண் கொட்டி உருவாக்கிய சரிவுகள், தடுப்புச் சுவர்கள் ஆகியவற்றைக் கணக்கெடுத்தார்கள். 1970களின் இறுதியில் சுமார் 10,000 பதிவாயின. 1990களில் மீண்டும் விரிவாகக் கணக்கெடுத்தபோது 50,000ஐத் தாண்டியது. இன்று சுமார் 60,000 சரிவுகள் பதிவேட்டில் உள்ளன.

ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு பதிவு எண் உண்டு. ஹாங்காங் தெருக்களில் நடந்தால், மலைச்சரிவின் ஓரத்தில் எண் எழுதிய சிறு பலகையைப் பார்க்கலாம். பொதுமக்களும் அந்த எண்ணை வைத்து அந்தச் சரிவின் விவரங்களைத் தெரிந்துகொள்ள முடியும்.

எண் கொடுப்பதால் மலை நிற்குமா என்று கேட்கலாம். நிற்காதுதான். ஆனால் எண் இருந்தால் அதற்கு ஒரு கோப்பு இருக்கும். கோப்பு இருந்தால் அதற்கு ஒரு பொறுப்பாளி இருப்பார். அரசு நிலத்துச் சரிவு என்றால் இந்தத் துறை, தனியார் நிலத்துச் சரிவு என்றால் இந்த உரிமையாளர் என்று எழுதப்பட்டிருக்கும். சரிவு ஆபத்தாக இருக்கிறது என்று தெரிந்தால் அதைச் சரிசெய்யும்படி உரிமையாளருக்குச் சட்டப்படி ஆணை அனுப்ப முடியும். யாருக்கும் சொந்தமில்லாத ஆபத்து என்று ஒன்று இல்லாமல் போனது.

அடுத்தது வரிசைப்படுத்துவது. 60,000 சரிவுகளையும் ஒரே நாளில் சரிசெய்ய எந்த அரசாலும் முடியாது. எனவே சரிவின் நிலை எப்படி இருக்கிறது, அது விழுந்தால் கீழே யார் இருக்கிறார்கள் என்ற இரண்டையும் பார்த்து முன்னுரிமை கொடுத்தார்கள். கீழே பள்ளிக்கூடமோ குடியிருப்போ இருந்தால் முன்னால். கீழே வெறும் காடு என்றால் பின்னால்.

எப்படித் தடுக்கிறார்கள்?

தடுப்பு முறைகளில் முதலிடம் தண்ணீரை வெளியேற்றுவதற்கே. சரிவின் தலைப்பகுதியில் ஒரு வாய்க்கால் வெட்டி, மேலிருந்து வரும் மழைநீரைச் சரிவுக்குள் இறங்கவிடாமல் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறார்கள். சரிவின் மேல் படிப்படியாக வடிகால்கள் அமைக்கிறார்கள். உள்ளே தேங்கும் நீர் வெளியேறுவதற்காக மலைக்குள் நீளமாகத் துளையிட்டுக் குழாய்களைப் பதிக்கிறார்கள். தடுப்புச் சுவர்களில் சிறு துளைகள் விடுவதும் இதற்காகவே. அந்தத் துளைகள் அடைபட்டால் சுவருக்குப் பின்னால் நீர் தேங்கி, சுவரைத் தள்ளத் தொடங்கும்.

இரண்டாவது, மண்ணைப் பலப்படுத்துவது. கொட்டிய மண் என்றால் மேலடுக்கைத் தோண்டியெடுத்து மீண்டும் இறுக்குகிறார்கள். நம் ஊரில் திமிசு போட்டு இடிப்பார்களே, அதன் பெரிய வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். வெட்டிய சரிவு என்றால் சாய்வைக் குறைக்கிறார்கள், அல்லது சரிவில் வரிசையாகத் துளையிட்டு, எஃகுக் கம்பிகளைச் செருகி, சிமெண்டுக் குழம்பை ஊற்றி இறுக்குகிறார்கள். சுவரில் ஆணி அடித்து நிறுத்துவது போன்ற இந்த முறை 1980களின் இறுதியிலிருந்து அங்கே பரவலானது.

மூன்றாவது, மேற்பரப்பை மூடுவது. இதில் தமிழர்களுக்கு ஒரு சுவையான செய்தி இருக்கிறது. மக்கிய கருங்கல் மண்ணோடு சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்து சரிவின் மேல் பூசுவது ஹாங்காங்கின் பழைய வழக்கம். அந்தப் பூச்சுக்கு அங்கே பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயர் "சுனாம்". பிரிட்டிஷார் இந்தியாவில் கற்றுக்கொண்ட சொல் அது. நம் சுண்ணாம்புதான் கடல் கடந்து ஹாங்காங் மலைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது! இப்போது அந்தப் பூச்சின் இடத்தில் புல்லும் செடியும் வளர்ப்பதை அதிகம் விரும்புகிறார்கள்.

நான்காவது, எச்சரிக்கை. 1977லேயே நிலச்சரிவு எச்சரிக்கை முறை தொடங்கப்பட்டது. ஊர் முழுவதும் தானியங்கி மழைமானிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. மழையின் அளவு ஆபத்தான எல்லையை நெருங்கும்போது வானொலியிலும் தொலைக்காட்சியிலும் எச்சரிக்கை வருகிறது. சரிவுகளை ஒட்டிய சாலைகளில் போகாதீர்கள், ஆபத்தான இடங்களில் இருப்பவர்கள் வெளியேறுங்கள் என்று அறிவிக்கப்படுகிறது.

ஐந்தாவது, மனிதர்களை இடம் மாற்றுவது. 1982 மழையில் மலையோரக் குடிசைகளில் பலர் இறந்ததைத் தொடர்ந்து, ஆபத்தான சரிவுகளில் இருந்த குடிசைவாசிகளை அரசுக் குடியிருப்புகளுக்கு மாற்றும் பணி வேகம் பெற்றது. "காலி செய்" என்று சொன்னதோடு நிற்காமல் போய்த் தங்க ஒரு வீட்டையும் கொடுத்ததால்தான் இது நடந்தது.

ஒரு குழாயில் வந்த பாடம்

இவ்வளவும் செய்த பிறகும் 1994 ஜூலை 23 அன்று குவுன் லுங் லாவ் என்ற குடியிருப்பில் ஒரு பழைய கல் தடுப்புச் சுவர் இடிந்து 5 பேர் இறந்தார்கள். விசாரித்தபோது பூமிக்கடியில் பதித்திருந்த குழாய்களிலிருந்து நீர் கசிந்து சுவருக்குப் பின்னால் இருந்த மண்ணை ஊறவைத்தது தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை.

இந்த நிகழ்ச்சிக்குப் பிறகு பராமரிப்புக்கு முக்கியத்துவம் கூடியது. சரிவும் ஓர் இயந்திரம் போலத்தான். வாங்கி வைத்தால் போதாது, ஆண்டுதோறும் தேய்மானம் உண்டு. ஒவ்வொரு ஆண்டும் மழைக்காலத்துக்கு முன் வடிகால்களைச் சுத்தம் செய்து பார்வையிட வேண்டும், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பொறியாளர் ஆய்வு செய்ய வேண்டும், புதைகுழாய்களில் கசிவு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என்ற வழிகாட்டுதல்கள் வந்தன.

2010ஆம் ஆண்டுவாக்கில், மனிதன் உருவாக்கிய சரிவுகளால் வரும் ஆபத்து 1977இல் இருந்ததில் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டதாக அலுவலகம் மதிப்பிட்டது. அத்தோடு நிறுத்தவில்லை. 2008 ஜூன் மாத மழையில் யாரும் வெட்டாத இயற்கையான மலைச்சரிவுகள் ஏராளமாகச் சரிந்ததைப் பார்த்தவர்கள், 2010 முதல் அவற்றையும் திட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஓடை வழியே பாய்ந்துவரும் பாறைகளையும் மண்ணையும் பிடித்து நிறுத்த எஃகு வலைகளும் கான்கிரீட் தடுப்புகளும் அமைக்கப்படுகின்றன. இவற்றுக்கெல்லாம் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி ஹாங்காங் டாலர் செலவாகிறது.

2023 செப்டம்பர் 7 அன்று இரவு ஒரே மணி நேரத்தில் 158.1 மி.மீ. மழை பெய்தது. 1884இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து இதுவே அதிகம். பல இடங்களில் மலை சரிந்தது, சாலைகள் மூடப்பட்டன. ஆனால் 1972 திரும்பவில்லை.

நம் மலைகளில்

ஹாங்காங் பணக்கார ஊர், சின்ன ஊர், அதனால் முடிந்தது என்று சிலர் சொல்லக்கூடும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதற்கும் எஃகுக் கம்பி அடிக்க முடியாது. ஆனால் ஹாங்காங்கின் வெற்றி வெறும் சிமெண்டால் வந்ததா என்பதை யோசிக்க வேண்டும்.

இலங்கையின் பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகே உள்ளது மீரியபெத்தை தோட்டம். 2014 அக்டோபர் 29 அன்று காலை அங்கே மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், வீட்டில் இருந்த பெற்றோரை இழந்தார்கள். அந்த இடம் ஆபத்தானது, மக்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. அதாவது அறிவியலுக்கு அந்த ஆபத்து தெரிந்திருந்தது. ஆனால் மாற்றுவது யார் வேலை, எங்கே மாற்றுவது, அந்த நிலத்தை யார் கொடுப்பது என்ற கேள்விகள் முடிவதற்குள் மலை முடித்துவிட்டது. லயத்து வீடு தொழிலாளிக்குச் சொந்தமில்லை. வேலை இருக்கும் வரை வீடு. எங்கே போவது என்று தெரியாதவரிடம் "இங்கிருந்து போ" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்?

2020 ஆகஸ்ட் 6 அன்று இரவு, கேரளத்தின் மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் இதே போன்ற லயன் வீடுகள் மண்ணில் புதைந்தன. 70 பேர் பலியானார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் போன தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள். தொலைத்தொடர்பு துண்டிக்கப்பட்டிருந்ததால் செய்தி வெளியே வரவே மறுநாள் காலை ஆனது.

நீலகிரியிலும் 2009 நவம்பரில் பெய்த மழையில் ஏராளமான இடங்களில் மலை சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீட்டுக்காகவும் சாலைக்காகவும் செங்குத்தாக வெட்டிய இடங்களும், அடைபட்ட நீர்வழிகளும் அங்கே ஆபத்தைக் கூட்டுகின்றன.

இந்த இடங்களில் உடனடியாக வேண்டியது விலை உயர்ந்த தொழில்நுட்பம் என்று சொல்ல முடியாது. எந்தச் சரிவின் கீழே எத்தனை வீடுகள் என்ற கணக்கு, ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு பொறுப்பாளி, எச்சரிக்கை வந்தால் போய்த் தங்க ஓர் இடம், மழைக்கு முன் வடிகாலைத் தூர்வார ஆண்டுதோறும் ஒரு தொகை ஆகியவையே முதல் தேவை. இவற்றில் எதற்கும் ஹாங்காங்கின் செல்வம் தேவையில்லை.

முன்னறிகுறிகள்

பல சரிவுகள் சொல்லிவிட்டுத்தான் வருகின்றன. மலையோரத்தில் வாழ்பவர்கள் கீழ்க்கண்ட அடையாளங்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது:

- நிலத்திலோ சாலையிலோ சுவரிலோ புதிதாகத் தோன்றும் விரிசல்கள், நாளுக்கு நாள் அகலமாவது.
- நேராக நின்ற மரங்களும் மின்கம்பங்களும் வேலிகளும் ஒரு பக்கமாகச் சாய்வது.
- கதவு, ஜன்னல்கள் திடீரென்று இறுகி, திறக்க முடியாமல் போவது.
- முன்பு இல்லாத இடத்தில் நீர் ஊறுவது, அல்லது தெளிவாக ஓடிய ஊற்று கலங்கலாக வருவது.
- தடுப்புச் சுவர் வயிறு தள்ளியது போலப் புடைத்து நிற்பது.
- கனமழையின்போது ஓடையில் நீர் திடீரென்று குறைவது. மேலே எங்கோ மண் விழுந்து அடைத்திருக்கலாம். அது உடைத்துக்கொண்டு வரும்.

இவற்றில் ஏதேனும் தென்பட்டால் சாமான்களை எடுக்க நிற்காமல் சரிவின் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலகி, உறுதியான மேட்டுநிலத்துக்குப் போய்விட வேண்டும். மண் ஓடிவரும் திசையிலேயே கீழ்நோக்கி ஓடுவது ஆபத்து.

முடிவாக

ஹாங்காங்கில் 1925இலும் மழை பெய்தது, 1972இலும் பெய்தது, 2023இலும் பெய்தது. மலையும் அதே மலைதான். மாறியது ஒன்றே ஒன்று. "இது யார் பொறுப்பு?" என்ற கேள்விக்கு 1977க்கு முன் பதில் இல்லை, அதன் பின் இருந்தது. அந்தப் பதில் கிடைப்பதற்கு அந்த ஊர் ஒரே பேட்டையில் இரண்டு தடவை பிணங்களைத் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது.

மீரியபெத்தையும் பெட்டிமுடியும் நீலகிரியும் தங்கள் பங்குக்கு விலையைக் கொடுத்துவிட்டன. கொடுத்த விலைக்குப் பாடத்தையாவது வாங்கிக்கொள்ள வேண்டாமா? அடுத்த மழைக்காலம் எப்படியும் வரத்தான் போகிறது. அதற்குள் ஒவ்வொரு சரிவுக்கும் ஓர் எண்ணும், அந்த எண்ணுக்கு நேரே ஒரு பொறுப்பாளியின் பெயரும் எழுதப்பட்டுவிட்டால், எழுத வேண்டிய இரங்கல் செய்திகள் நிச்சயம் குறையும்.